குசினிக்குள் வராத வெப்பமானி!



பங்குனிக் கடைசியிலிருந்து வைகாசி நடுப்பகுதி வரை காங்கேசன்துறைக் கடல் பல நாட்கள் எண்ணெய் தடவினாற்போல் அசையாமல் கிடக்கும். வெளிச்சவீட்டுப் பக்கம் நின்று வடக்கே பார்த்தால், கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாது. நடுவிலே வெண்மையான ஒரு மூட்டம். கடலில் போகிறவர்களுக்கு இது நல்ல காலம். நாகபட்டினத்திலிருந்து 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஆரம்பமான கப்பல் சேவையில் வருகிறவர்கள் இப்படிப்பட்ட கடலைத்தான் விரும்புவார்கள். ஆனால் கரையிலே, வீட்டுக்குள்ளே இருக்கும் உங்களுக்கு?

வானொலியில், "வட மாகாணத்தில் சீரான வானிலை நிலவும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். மழை இல்லை, காற்று இல்லை, புயல் இல்லை. ஆகவே சீரான வானிலை! ஆனால் அந்தக் 'காற்று இல்லை' என்பதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

நமது குடாநாட்டுக்கு இரண்டு பெரிய காற்றுகள் உண்டு. மார்கழி, தையில் வாடை. வைகாசிக்குப் பிறகு சோளகம். வாடை ஓய்ந்து சோளகம் எழும்பும் வரையுள்ள மார்ச், ஏப்ரல் மாதங்களை இடைப்பருவப் பெயர்ச்சிக் காலம் என்று வளிமண்டலவியல் திணைக்களம் அழைக்கிறது. காற்றுக்கு அப்போது ஒரு திசையும் கிடையாது. இதே சமயத்தில், ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேராக உச்சங்கொடுக்கிறது. தெற்கே தொடங்கி வடக்கே நகர்வதால் யாழ்ப்பாணப் பக்கத்துக்குக் கடைசி முறை. வடக்கே இருப்பதோ ஆழம் குறைந்த பாக்குநீரிணை. ஆழமில்லாத தண்ணீர் விரைவாகச் சூடேறும் என்பதைப் பானை வைக்கிற எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சூடான கடலிலிருந்து எழும் நீராவியும், தூசும், குப்பை எரித்த புகையும் கலைத்துவிடக் காற்றில்லாமல் நமது தலைக்கு மேலேயே நின்றுவிடுகின்றன. அதுதான் அந்த வெண்மூட்டம்.

இனி வெப்பநிலைக்கு வருவோம். குடாநாட்டில் இந்த நாட்களில் பகல் வெப்பநிலை பெரும்பாலும் 32, 33 பாகை செல்சியஸ்தான். தமிழ்நாட்டின் உள் மாவட்டங்களில் 40ஐத் தாண்டுவதைக் கேட்கிற நமக்கு இது ஒன்றுமில்லை என்று தோன்றும். இந்திய வானிலைத் துறையின் கணக்குப்படி, கரையோர ஊர்களில் 37 பாகையைத் தொட்டு, வழமையைவிட 4.5 பாகையாவது கூடினால்தான் 'வெப்ப அலை'. அந்தக் கணக்கால் பார்த்தால் நமக்கு வெப்ப அலை வருவதே அபூர்வம்.

ஆனால் அந்த 33ஐ எங்கே அளந்தார்கள்? புல்தரையில், ஆள் உயரத்தில், சுற்றிலும் காற்றுப் புகும் சட்டங்கள் வைத்த வெள்ளை மரப்பெட்டிக்குள், நிழலில்! உங்கள் குசினியில் அப்படியொரு பெட்டி இல்லை. மேலே சீற் அல்லது தகரம், கீழே இரண்டு அடுப்பு, புகை போக ஒரு சிறு ஜன்னல். இங்கே எத்தனை பாகை என்று எந்த வானொலியும் சொல்லப்போவதில்லை.

உடம்பு வேர்ப்பதால் மட்டும் குளிர்வதில்லை; அந்த வேர்வை காய்வதால்தான் குளிர்கிறது. காற்றிலே ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வேர்வை வழியுமே தவிரக் காயாது. 32 பாகையும் 70 வீத ஈரப்பதனும் சேர்ந்தால், நிழலிலேயே உடம்புக்கு அது 40 பாகை போல என்கிறது வெப்பச் சுட்டெண். வளிமண்டலவியல் திணைக்களம் 'எச்சரிக்கை மட்டம்' என்று அறிவிப்பது இந்தச் சுட்டெண்ணைப் பார்த்துத்தான். ஆகவே எத்தனை பாகை என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த மட்டம் என்று கேளுங்கள்.

கராச்சியில் 2015 ஜூனில் நடந்தது நினைவிருக்கிறதா? அரபிக்கடலில் ஏற்பட்ட தாழமுக்கம் காரணமாக அந்த நகரத்துக்கு வழக்கமாக வரும் கடற்காற்று நின்றுபோனது. வெப்பநிலை ஏறத்தாழ 45 பாகை, ஈரமும் அதிகம், மின்வெட்டு வேறு. சில நாட்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நோன்பு மாதம் அது. உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவர்கள் நோன்பை விட்டுவிடலாம் என்று மார்க்க அறிஞர்களே முன்வந்து சொல்ல வேண்டியிருந்தது. நமது கரையில் அத்தனை சூடு இல்லை. ஆனால் காற்று நின்றால் கடலோரம் என்பது காப்பாற்றாது என்பதற்கு அதைவிடப் பாடம் வேண்டுமா?

இரவும் ஒரு காரணம். குடாநாட்டில் மே மாத இரவுகளில் வெப்பநிலை 27 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. பகலில் சூடேறிய கூரை இரவில் அறைக்குள் அதைக் கொட்டுகிறது. 1990இல் காங்கேசன்துறை மக்களும், அதே ஆண்டு அக்டோபரில் வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாண முஸ்லிம்களும், பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிவந்தபோது பழைய ஓட்டு வீடும், முற்றத்து மாமரமும் எத்தனை பேருக்கு மிஞ்சியிருந்தன? அவசரத்தில் கட்டிய சீற் வீட்டில், நிழல் தர ஒரு முருங்கைகூட இன்னும் வளராத வளவில், உறக்கமில்லாத இரவுக்குப் பிறகு அதே பெண்தான் விடியற்காலையில் அடுப்பு மூட்டுகிறாள்.

ஆகவே சமையலை விடியலோடு முடித்துவிடுங்கள். மதியம் சூடான சோறு வேண்டும் என்று அடம்பிடிக்கும் ஆண்களை ஒருநாள் பதினொரு மணிக்கு அடுப்படியில் நிற்க வைத்துப் பாருங்கள்; பிறகு கேட்கமாட்டார்கள். மின்விசிறி ஒன்றுதான் இருக்கிறதென்றால் அது வரவேற்பறைக்கல்ல, வயதானவரின் கட்டிலுக்கு. உம்மும்மாவுக்குத் தாகம் தெரியாது. முதுமையில் அந்த உணர்வு மங்கிவிடும். கேட்கும்வரை காத்திராமல் தண்ணீர் கொடுங்கள். பிரஷருக்காக நீர் போகும் மாத்திரை எடுப்பவர்கள் இந்த மாதங்களில் வைத்தியரிடம் ஒருமுறை பேசிக்கொள்வது நல்லது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தண்ணீர் தேவையில்லை, தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தால் போதும். தண்ணீர் குடிக்க வேண்டியவள் தாய்.

தலைச்சுற்றும் தசைப்பிடிப்பும் வந்தால் நிழல், ஓய்வு, ஜீவனி. ஆனால் பேச்சுக் குழறினால், ஆளைத் தெரியாமல் உளறினால், மயங்கினால் அது வெப்பத் தாக்கு. "வேர்த்துக் கொண்டுதானே இருக்கிறது" என்று ஏமாறாதீர்கள். வேர்வை நிற்காமலும் இது வரும். பனடோலால் இந்தச் சூடு இறங்காது. உடனே 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மறைப்புக்கு நனைந்த சேலையொன்று போதும். கூச்சப்பட்டு நிமிடங்களை இழக்க வேண்டாம். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

2010 முதல் தென்னாசிய நாடுகளின் வானிலை அறிஞர்கள் கூடி, ஜூன் தொடக்கம் செப்டெம்பர் வரையான பருவத்துக்கு ஒரு முன்னோக்கு வெளியிடுகிறார்கள். வழமையைவிடக் கூட, வழமை, குறைவு என்று மூன்றில் எதற்கு வாய்ப்பு அதிகம் என்பதுதான் அதில் இருக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை வேர்க்குமா என்று அது சொல்லாது. எல் நினோ வந்தால் இந்தியாவில் பருவமழை குறையும் என்ற செய்தியை அப்படியே நமக்கும் பொருத்த வேண்டாம். சோளகம் குடாநாட்டுக்குத் தருவது காற்று, மழை சொற்பம். நமது மழை ஐப்பசியில்தான், எல் நினோ ஆண்டுகளில் அது பெரும்பாலும் கூடவே பெய்திருக்கிறது.

சோளகம் எழும்பியதும் வேர்வை காயும், மூட்டம் விலகும். பிறகு பார்க்க வேண்டியது கிணற்றை. சுண்ணாம்புக் கல்லுக்குள் உப்புநீரின்மேல் மிதக்கும் நன்னீர்தான் நமது கிணற்று நீர். மோட்டரை நீண்ட நேரம் ஓடவிட்டால் கீழிருக்கும் உவர் மேலே வரும். ஐப்பசி வரை இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.