வரப்பில் நிற்கும் காடு

பெங்களூருவைச் சூழ்ந்துள்ள மேட்டுநிலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், தொன்மையான கருங்கல் பாறைகள் சிதைந்து உண்டான செம்மண்ணால் ஆனது. நீரை எளிதில் உள்வாங்கும் இம்மண், இலைதழையின் மூடாக்கு இல்லாமல் வெறுமையாகக் கிடக்கும்போது, கோடை மழையின் பெருந்துளிகள் பட்டுச் சிதறி, நுண்துளைகள் அடைபட்டு, வெயில் ஏறியதும் ஓடுபோல் இறுகிவிடுகிறது. அதன்பின் பெய்யும் மழை கீழே இறங்க வழியின்றி மேல்மண்ணையும் வாரிக்கொண்டு பள்ளம் நோக்கி ஓடுகிறது. இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 533 கோடி டன் மண், அதாவது எக்டேருக்குச் சராசரியாக 16 டன்னுக்கு மேல், அரிப்புக்கு உள்ளாவதாகத் துருவநாராயணா, ராம் பாபு ஆகிய அறிஞர்கள் 1983இல் கணித்தனர். ஒரு சென்டிமீட்டர் மேல்மண் உருவாகவே நூற்றாண்டுகள் பிடிக்கும் என்பதால், இந்த இழப்பை எந்த உர மூட்டையாலும் ஈடுகட்ட முடியாது.

இந்த உண்மையைத் தம் சொந்த வயலில் உணர்ந்து, மரத்தையும் மண்ணையும் பிரிக்க முடியாத ஒன்றாக வைத்து வேளாண்மை செய்தவர் எல். நாராயண ரெட்டி. பெங்களூருவின் கிழக்கே வர்த்தூர்ப் பகுதியைச் சேர்ந்த அவர், நகரத்தில் வேலை பார்த்துவிட்டு நிலத்துக்குத் திரும்பியவர். அது பசுமைப் புரட்சியின் காலமாதலால், வீரிய விதை, ரசாயன உரம், பூச்சிக்கொல்லி என்று அன்றைய பரிந்துரைகள் அனைத்தையும் பின்பற்றினார். விளைச்சலும் பெருகியது, பரிசும் கிடைத்தது. ஆனால் வரவையும் செலவையும் எழுதிப் பார்த்தபோது மிஞ்சியது கடனே. வேளாண் துறையும் வங்கியும் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று மட்டுமே கேட்டுவந்த நாளில், அந்த மூட்டைக்கு என்ன செலவாயிற்று என்று கேட்ட அவருடைய கணக்கு நோட்டே அவரை இயற்கை வேளாண்மைக்குத் திருப்பியது என்று சொல்லலாம். ஜப்பானிய உழவர் மசனோபு ஃபுகுவோகா 1975இல் வெளியிட்ட 'ஒற்றை வைக்கோல் புரட்சி' என்ற நூல் அந்தத் திருப்பத்துக்கு உரம் சேர்த்தது. எனினும், மழை மிகுந்த ஷிகோகு தீவின் முறையை வறண்ட தக்காண மேட்டில் அப்படியே நட்டுவிட முடியாதாகையால், இவ்வூர் மழைக்கும் மண்ணுக்கும் ஏற்ற வழியை அவரே வகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த வழியின் முதற்படி நீர். ஓர் ஏக்கரில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் விழுகிறது. ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் பெறும் நிலத்தில் அது 36 லட்சம் லிட்டராகிறது. ஆயிரம் அடி தாண்டியும் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ஒரு வட்டாரத்தில், இவ்வளவு நீரும் இலவசமாக வந்து கைநழுவிப் போகிறது என்பதை உழவர்களே பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. சரிவுக்குக் குறுக்கே வரப்பு உயர்த்தி, அதன் மேற்புறத்தில் நீள்குழி எடுத்தால், ஓடிவரும் நீர் அங்கே தேங்கி, தான் கொண்டுவந்த வண்டலையும் இறக்கிவிட்டு மண்ணுக்குள் இறங்கும்.

ஆனால் வெறும் மண்வரப்பு இரண்டு மழைக்காலம் தாங்குவதே கடினம். அதைப் பிடித்து நிறுத்துவது வேர். இங்குதான் காடு வயலுக்குள் வருகிறது. வரப்பில் கிளைரிசிடியாவின் போத்துகளை, அதாவது வேர்விடக்கூடிய முற்றிய கிளைத்துண்டுகளை, மழை தொடங்கும் முன் ஊன்றிவிட்டால், அது அவரைக் குடும்பத்து மரமாதலால், வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையோடு காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றிக்கொள்கிறது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கவாத்து செய்து அந்தத் தழையைக் கேழ்வரகு வயலில் பரப்பும்போது, அதே தழை முதலில் மூடாக்காகவும் பின்னர் மட்கி உரமாகவும் பயன்படுகிறது. புங்கம், பலா, மா, தேக்கு, சில்வர் ஓக் என்று வெவ்வேறு உயரமும் வேராழமும் கொண்ட மரங்கள் ஓரங்களில் நின்றால், பயிருக்கு எட்டாத ஆழத்துச் சத்துகள் இலையாக மேலே வந்து உதிர்கின்றன. ஒரு கைப்பிடி மட்கிய சருகை விலக்கிப் பார்த்தால், கீழே ஈரமும் மண்புழுவின் குறுணைக் கழிவும் தெரியும். உழுதும் உரமிட்டும் செய்ய வேண்டிய வேலையின் பெரும்பகுதி அங்கே கூலியின்றி நடக்கிறது.

மரம் என்றால் எந்த மரமும் ஆகும் என்று அவர் கருதியதில்லை. 1980களில் சமூகக் காடுகள் திட்டத்தின்போது பெங்களூரு, கோலார், துமகூரு மாவட்டங்களின் கேழ்வரகு நிலங்கள் பலவும் காகித ஆலைகளுக்கான தைல மரத் தோப்புகளாக மாறின. தைல மரத்துக்கு அடியில் பிற பயிர் செழிப்பதில்லை, கால்நடை அதைத் தின்பதில்லை, அறுவடையாகும் மரம் நிலத்தை விட்டே போய்விடுகிறது. துமகூருப் பகுதி உழவர்கள் நாற்றுகளைப் பிடுங்கியெறிந்து போராடியதற்கு இவையே காரணம். காடு வளர்ப்பின் பெயரால் உணவையும் மண்ணையும் ஒருசேர இழந்த இந்த வரலாற்றுக்கு நேர்மாறானது ரெட்டியின் வழி: அங்கே பயிரை வெளியேற்ற மரம் வரவில்லை, பயிருக்குக் காவலாகவே வந்தது.

நகரம் வர்த்தூரை விழுங்கியபோது அவர் வடக்கே தொட்டபள்ளாபுரம் வட்டத்து மரேனஹள்ளிக்குப் பெயர்ந்து, சில ஏக்கர் நிலத்தில் எல்லாவற்றையும் மீண்டும் தொடங்கினார். வளர்ந்த தோப்பைத் துறந்து வேறொரு நிலத்தில் நாற்று நடுவது எளிதன்று. அவருடைய வாழ்க்கையில் மிகவும் மதிக்கத்தக்கது அதுவே எனலாம். அங்கு வந்த உழவர்களுக்கும் மாணவர்களுக்கும் நேரில் பயிற்சி அளித்தார். பெங்களூருவிலிருந்து வெளிவரும் 'லீசா இந்தியா' இதழில் தம் பட்டறிவைத் தொடர்ந்து எழுதினார். 2019 ஜனவரியில் அவர் காலமானார். தமிழகத்தில் இதே திசையில் உழைத்த நம்மாழ்வார் 2013இலும், புதுக்கோட்டை மாவட்டம் சேந்தன்குடியின் மரம் தங்கசாமி 2018இலும் மறைந்தனர்.

தைல மரம் புதிதாக நடுவதைக் கர்நாடக அரசு 2017இல் தடைசெய்தது. ஆயினும் வெட்டிய அடிக்கட்டையிலிருந்து அது மீண்டும் துளிர்க்கும் என்பதால், பழைய தோப்பைக் கேழ்வரகு நிலமாக்க விரும்பும் உழவர் வேரோடு தோண்டியெடுக்க முதலில் பணம் திரட்ட வேண்டும். அதன்பிறகுதான் வரப்பும், நீள்குழியும், போத்தும்.