கருமணலும் கல்நாரும்

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையிலே அமைந்துள்ளது ஆலங்குடா. ஒருபுறம் பெருங்கடல்; மறுபுறம் புத்தளம் களப்பு; இடையிலே நீண்டு கிடப்பது மணல். இத்தகைய கரையிலே அலை பின்வாங்கிய இடத்தை உற்று நோக்கினால், வெண்மணலின்மேல் மெல்லிய கரிய கோடுகள் சில வேளைகளிற் படிந்திருப்பதைக் காணலாம். பாரங்குறைந்த வெண்மணலை அலை அள்ளிச் செல்ல, பாரமான மணிகள் பின்தங்குவதால் உண்டாகும் கோடுகள் அவை. அக்கரிய மணிகளுள் ஒரு வகையைப் பற்றியும், அதன் குடும்பத்தைப் பற்றியுமே இன்று பேச எண்ணுகின்றேன். அக்குடும்பத்தின் ஒரு கிளை நம் வீட்டுக் கூரை வரையிலும் வந்திருக்கக் கூடுமாதலால், இஃது அறிஞருக்கு மட்டும் உரிய பேச்சன்று.

முதலில், இம்மணல் எங்கிருந்து வந்தது? தெதுறு ஓயா போன்ற ஆறுகள் உள்நாட்டுப் பாறைகளை அரித்துக் கடலிற் சேர்க்கின்றன. அவ்வாறு சேர்ந்த மணலைத் தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் கரையோரமாக வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. அந்த உள்நாட்டுப் பாறைகளோ மிகப் பழமையானவை. பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறியவை. அவற்றிலே பரவலாகக் காணப்படும் கரும்பச்சை நிறக் கனிப்பொருள் ஹோண்பிளெண்டு எனப்படும். கருமணலை உருப்பெருக்குக் கண்ணாடியின் கீழ் வைத்து ஆராய்வோர் செந்நிறக் கார்னற்றையும், உலோக மினுக்கங் கொண்ட இல்மனைற்றையும் காண்பர்; குட்டையான கோல் போன்ற கரும்பச்சை மணிகள் தென்படின், அவை ஹோண்பிளெண்டாக இருக்கக் கூடும்.

ஹோண்பிளெண்டு தனியொரு பொருளன்று. அம்பிபோல் என்னும் பெருங் குடும்பத்தைச் சேர்ந்தது. 1801-ஆம் ஆண்டிலே ஆயி என்னும் பிரெஞ்சு அறிஞர் இப்பெயரைச் சூட்டினார். ஐயத்துக்கிடமானது என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் அதனை எடுத்தார். வெண்மை, பச்சை, நீலம், கபிலம், கருமை எனப் பல நிறத்திலும் தோற்றத்திலும் இக்கற்கள் கிடைப்பதால், கண்ணை நம்பி இவற்றைப் பிரிக்க இயலாது என்பதே கருத்து.

கண் ஏமாறும் இடத்திலே இரசாயனம் உண்மையைக் காட்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 1903-ஆம் ஆண்டு முதல் இலங்கைக் கனிப்பொருள் அளவைக்குத் தலைமை தாங்கிய ஆனந்த குமாரசுவாமி, 1904-இல் ஒரு கரிய பாரமான கல்லைக் கண்டு, அதனை யுரேனினைற்று என முதலிற் கருதினார். இங்கிலாந்திலே அதனைப் பகுத்தாராய்ந்தபோது, தோரியம் மிகுந்த புதியதொரு கனிப்பொருள் அது எனத் தெரிந்தது. தோரியனைற்று என்னும் பெயர் அவ்வாறு பிறந்தது.

அம்பிபோலின் உள்ளமைப்பு என்ன? ஒரு சிலிக்கன் அணுவைச் சுற்றி நான்கு ஒட்சிசன் அணுக்கள் நின்று ஒரு நான்முகியாகின்றன. நான்முகிகள் கோத்துக்கொண்டு சங்கிலியாகின்றன. இரண்டு சங்கிலிகள் பக்கம் பக்கமாக இணைந்து இரட்டைச் சங்கிலியாவதே அம்பிபோலின் அடையாளம். இதனை 1929, 1930-ஆம் ஆண்டுகளில் வாரன் என்னும் அறிஞர் எக்ஸ் கதிர்களின் துணையால் நிறுவினார். இவ்வமைப்பின் காரணமாகவே அம்பிபோற் பளிங்கு பிளவுறும்போது, பிளவுத் தளங்கள் ஏறத்தாழ 56 பாகையிலும் 124 பாகையிலும் சந்திக்கின்றன. ஒற்றைச் சங்கிலியாலான பைரொக்சீனிலோ அக்கோணம் செங்கோணத்தை ஒட்டியிருக்கும். கள ஆய்வாளர் இரண்டையும் பிரித்தறிவது இக்கோணத்தைக் கொண்டேயாம்.

இரட்டைச் சங்கிலிகளுக்கு இடையிலும் அவற்றினுள்ளும் அணுக்கள் குடியிருக்கும் ஐந்து வகை இடங்கள் உள்ளன. அவற்றை ஒரு வீட்டின் அறைகள் எனக் கொள்வோம். முதலறையில் எட்டு இருக்கைகள். அங்கே சிலிக்கனும் சிறிது அலுமினியமும் அமரும். இரண்டாம் அறையில் ஐந்து இருக்கைகள். மகனீசியம், இரும்பு, அலுமினியம் ஆகியவற்றுக்கு உரியவை. மூன்றாம் அறையின் இரண்டு இருக்கைகளிற் கல்சியமோ, சோடியமோ, மகனீசியமோ, இரும்போ இருக்கும். நான்காம் அறையில் ஒரே இருக்கை. அது வெறுமையாகவும் இருக்கலாம், சோடியமோ பொற்றாசியமோ வந்து நிரப்பவும் செய்யலாம். ஐந்தாம் அறையில் ஐதரொட்சில், புளோரின், குளோரின் போன்றவை இடம்பெறும்.

இவ்வீட்டுக்கு மாறாத சட்டம் ஒன்றுண்டு. நேர் ஏற்றமும் மறை ஏற்றமும் சமமாயிருத்தல் வேண்டும். இரண்டு கல்சியம், ஐந்து மகனீசியம், எட்டுச் சிலிக்கன் கொண்ட திரெமொலைற்றை எடுத்துக்கொள்வோம். அதன் நேர் ஏற்றம் நான்கும் பத்தும் முப்பத்திரண்டும் சேர்ந்து 46. இருபத்திரண்டு ஒட்சிசனும் இரண்டு ஐதரொட்சிலும் தரும் மறை ஏற்றமும் 46. இப்போது கல்சியம் இரண்டும் வெளியேறி, சோடியம் இரண்டு குடிபுகுந்தால், ஏற்றத்தில் இரண்டு குறையும். அக்குறையை நிரப்ப, இரண்டாம் அறையில் இரண்டு மகனீசியத்தின் இடத்தில் இரண்டு அலுமினியம் வந்து அமரும். கணக்கு மீண்டும் 46. வெண்மையான திரெமொலைற்று இவ்வாறு நீல நிறக் குளோக்கோபேன் ஆகிவிடும். மகனீசியத்துக்கும் அலுமினியத்துக்கும் பதிலாக இருவகை இரும்பு அமருமாயின், அதுவே கருநீல ரிபெக்கைற்று. ஒரே வீடு, ஒரே கணக்கு. குடியிருப்போர் மட்டுமே வேறு.

ஆகவே அம்பிபோலுக்குப் பெயரிடுதல் என்பது எந்த அறையில் எவர் எத்தனை பேர் என்று எண்ணுவதேயாகும். இதற்கென அனைத்துலகக் கனிப்பொருளியற் சங்கம் 1978-இல் விதிகளை வகுத்து, 1997-இலும் 2012-இலும் அவற்றைத் திருத்தியது. மூன்றாம் அறையில் மிகுந்திருப்பது கல்சியமா, சோடியமா, இரண்டும் கலந்ததா, மகனீசியமும் இரும்புமா என்பதைக் கொண்டே பெரும் பிரிவுகள் அமைகின்றன.

இத்தனை நுணுக்கமாகப் பெயரிடுவதால் மனிதருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். விடை நம் மூச்சிலே இருக்கிறது. ரிபெக்கைற்றுச் சில பாறைகளிலே மயிரினும் மெல்லிய நார்களாக வளர்கிறது. அந்நாரே நீலக் கல்நார். தென்னாபிரிக்காவிலே அதனை அகழ்ந்த பிரதேசத்தில், நுரையீரலைச் சூழ்ந்த சவ்வைப் பற்றும் அரிய புற்றுநோய் கண்ட 33 பேரைப் பற்றி வாக்னர் என்பவரும் இரு துணைவரும் 1960-இல் எழுதினர். ஏறக்குறைய அனைவரும் நீலக் கல்நார்த் தூசியோடு ஏதோ ஒரு வகையிற் தொடர்புற்றவர்கள். சிலர் சுரங்கத்தில் வேலை செய்யாமலே அதன் அயலில் வாழ்ந்தவர்கள். இந்நோய் வெளிப்பட இருபது முதல் ஐம்பது ஆண்டுகள் வரை செல்லலாம் என்பதே இதன் கொடுமை.

பெயரின் பெறுமதியை அமெரிக்காவின் லிபி நகரமும் கற்பித்தது. அங்கே 1990 வரை வேமிக்கியுலைற்று அகழப்பட்டது. அதனோடு நாருருவ அம்பிபோலும் கலந்திருந்தது. ஊரவர் பலர் நோயுற்றனர், உயிரிழந்தோரும் பலர். நெடுங்காலம் திரெமொலைற்று எனக் கருதப்பட்ட அந்நாரின் அறைகளை எண்ணிப் பார்த்தபோது, அதிற் பெரும்பகுதி வின்சைற்று என்று தெரிந்தது. வின்சைற்று, நம் அயல்நாடாம் இந்தியாவின் கஜ்லிடோங்கிரி மங்கனீசுச் சுரங்கத்தில் முதன்முதல் அறியப்பட்ட கனிப்பொருள். கல்நார் என அமெரிக்கச் சட்டம் பெயர்சுட்டிய ஆறு பொருள்களுள் அது இல்லை. சட்டம் பெயரைக் காண்கிறது. நுரையீரலோ நாரை மட்டுமே அறியும். ஆதலின், பொருளின் பெயரோடு அதன் உருவத்தையும் கேட்டறிதல் வேண்டும். கடற்கரையிற் காணும் குட்டைக் கோலுருவ ஹோண்பிளெண்டு மணி நாரன்று. அதனைக் கையில் ஏந்திப் பார்க்க அஞ்சவேண்டியதில்லை.

இனி நம் கூரைக்கு வருவோம். இலங்கையில் நீலக் கல்நார் 1987-இல் தடைசெய்யப்பட்டது. இன்றைய கூரைத் தகடுகளிற் சேர்வது வெண்கல்நார். அது கிறிசொத்தைல் எனப்படும். அம்பிபோற் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ஆயினும் வேறு குடும்பம் என்பதாற் தீங்கற்றது என எண்ணிவிடலாகாது. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் விளைவிக்கும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. 2018 முதல் வெண்கல்நார் இறக்குமதியைத் தடைசெய்ய எடுத்த முயற்சியும் நடைமுறைக்கு வராமற் பின்போடப்பட்டது. எனவே காவல் நம் கையிலே உள்ளது.

உடையாமல் தன்னிடத்திலே கிடக்கும் தகட்டினால் ஆபத்துக் குறைவு. அதனை அறுக்கும்போதும், துளையிடும்போதும், பாசியைக் கம்பித் தூரிகையாற் சுரண்டும்போதும், உடைந்த துண்டுகளை மிதிக்கும்போதுமே நார் காற்றிற் கலக்கிறது. வேலை தவிர்க்கமுடியாததாயின், தகட்டை நன்றாக நனைத்துக்கொள்ளுங்கள். மின்வாளைத் தவிருங்கள். தூசியை உலர்ந்தபடி பெருக்காது, ஈரத்துணியால் ஒற்றியெடுங்கள். உடைந்த துண்டுகளைப் பாதை நிரப்பவும், குழந்தைகள் விளையாடும் முற்றத்திற் பரப்பவும் பயன்படுத்தாதீர்கள். 1987-க்கு முற்பட்ட தகடாயின், அதில் நீலக் கல்நாரும் இருக்கக் கூடும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

ஐயத்துக்கிடமானது என்று அன்று பெயர் பெற்ற கல், இன்று அறை அறையாக எண்ணி அறியப்பட்டுவிட்டது. அவ்வறிவு ஆய்வுகூடத்தோடு நின்றுவிடாமல், கூரை மாற்றும் மேசனிடமும் முற்றம் பெருக்கும் தாயிடமும் வந்து சேர்தல் வேண்டும்.