சீபேப் கருவியை மின்கலத்தில் இயக்குதல்

சீபேப் என்பது ஸ்லீப் ஆப்னியா எனப்படும் உறக்க மூச்சுத்தடை உள்ளவர்களின் தொண்டை, உறக்கத்தில் அடைபடாதபடி முகமூடி வழியே காற்றழுத்தம் தரும் கருவியாகும். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் குழுவினர் 1981இல் இம்முறையை வெளியிட்டனர். இது நோயைக் குணப்படுத்துவதில்லை. கருவி நின்ற இரவே மூச்சுத்தடை திரும்பிவிடும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் காவிரிப் படுகையின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய நாட்களில் மின்கலமே துணை.

மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதைப் பெரும்பாலும் காற்றுவிசிறி தீர்மானிப்பதில்லை. நடுத்தர அழுத்தத்தில் விசிறிக்குச் சுமார் 10 வாட் போதும். தண்ணீரைச் சூடாக்கும் ஈரப்பதமூட்டியும் சூடாகும் குழாயும் சேர்ந்தால் தேவை 40 வாட் அளவுக்கு உயரக்கூடும். எட்டு மணி நேர உறக்கத்துக்கு முதலாவதற்கு 80 வாட்-மணி, இரண்டாவதற்கு 320 வாட்-மணி. 12 வோல்ட், 20 ஆம்பியர்-மணி கொண்ட லித்தியம் மின்கலத்தில் இருப்பது 240 வாட்-மணி. சூடேற்றியை அணைத்தால் இது இரண்டு இரவு தாங்கும். அணைக்காவிட்டால் விடிவதற்குள் தீர்ந்துவிடும். சூடேற்றாமல் தொட்டியில் தண்ணீர் மட்டும் வைத்தாலும் காற்று ஓரளவு ஈரமாகும். அழுத்தத்தை மட்டும் மின்சாரம் மிச்சமாக வேண்டுமென்று குறைக்கக் கூடாது. அது மருத்துவர் குறித்த அளவு.

ஈய-அமில மின்கலத்தின் கொள்ளளவில் பாதியையே பயன்படுத்துவது நல்லது. அதற்குமேல் அடிக்கடி வடித்தால் ஆயுள் குறையும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டு வகையில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் எடுக்கலாம்.

இணைக்கும் வழியும் கவனிக்கத்தக்கது. பெரும்பாலான கருவிகள் உள்ளே நேர்மின்னோட்டத்திலேயே இயங்குகின்றன. வீட்டு இன்வெர்ட்டர் மின்கலத்தின் 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக உயர்த்துகிறது. கருவியின் அடாப்டர் அதை மீண்டும் இறக்குகிறது. இரு மாற்றத்திலும் இழப்பு உண்டு. சும்மா ஓடும் இன்வெர்ட்டரே கருவிக்குத் தேவையான அளவு மின்சாரத்தைத் தின்றுவிடலாம். எனவே தயாரிப்பாளர் தரும் நேர்மின்னோட்ட வடம் சிக்கனமானது. ஆனால் வோல்ட் பொருந்த வேண்டும்: பிலிப்ஸ் ட்ரீம்ஸ்டேஷன் 12 வோல்ட்டிலும், ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10 24 வோல்ட்டிலும் இயங்குகின்றன. பின்னதற்கு 12 வோல்ட்டை உயர்த்தும் மாற்றி தேவை. இன்வெர்ட்டர்தான் வழியென்றால் தூய சைன் அலை வகையே பாதுகாப்பானது.

ஓடாத காரின் மின்கலத்தில் இணைத்து உறங்குவோரும் உண்டு. காலையில் வண்டி கிளம்பாமல் போகலாம்.

மின்கலம் நடு இரவில் தீர்ந்தால் மூச்சு முட்டிவிடுமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. மூக்கு முகமூடி அணிந்தவர் வாயால் சுவாசிக்கலாம். முழுமுக முகமூடியில், காற்று நின்றதும் தானே திறந்து வெளிக்காற்றை விடும் அடைப்பிதழ் இருக்கிறது. எனினும் சிகிச்சை அத்துடன் நின்றுவிடுவதால், புதிய மின்கலத்தை மின்சாரம் உள்ள ஓர் இரவிலேயே இயக்கிப் பார்த்து, எத்தனை மணி வரை ஓடியது என்று குறித்துக்கொள்வது வழக்கம்.

விமானத்தில் உதிரி லித்தியம் மின்கலங்களைக் கைப்பையில் மட்டுமே கொண்டுசெல்லலாம். 100 வாட்-மணிக்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கும் மேற்பட்டவை பயணிகளுக்கு அனுமதிக்கப்படுவதில்லை.