சுவரை நீக்கினால் சித்திரம் தெரியும்!

மாணவ நண்பர்களே! ஆள்காட்டி விரலால் உங்கள் கண்ணைச் சுற்றி மெதுவாகத் தடவிப் பாருங்கள். புருவத்தின் அடியிலும், கன்னத்தின் மேற்புறத்திலும், பக்கவாட்டிலும் கெட்டியான எலும்பு விளிம்பு தட்டுப்படுகிறதல்லவா? அதுதான் கண்குழியின் வாசல். அதற்குள்ளே, பின்னோக்கிக் குறுகிச் செல்லும் பேரிக்காய் வடிவமான அறை ஒன்று இருக்கிறது. சுற்றிலும் நான்கு எலும்புச் சுவர்கள். பின்கோடியில் பார்வை நரம்பும் இரத்தக் குழாய்களும் நுழையச் சிறு துளைகள் உண்டு. மற்றபடி திறந்திருப்பது முன்பக்கம் மட்டுமே.

இந்த அறையின் கொள்ளளவு சுமார் 30 மில்லி லிட்டர்தான். இதில் விழிக்கோளம் அடைத்துக்கொள்வது ஏறத்தாழ 7 மில்லி லிட்டர். மீதி இடத்தை விழியை அசைக்கும் தசைகளும், கொழுப்பும், நரம்புகளும், கண்ணீர்ச் சுரப்பியும் நிரப்பியுள்ளன. விளையாடும்போது பந்து முகத்தில் பட்டாலும் பெரும்பாலும் கண் தப்பிவிடுகிறதே, அது இந்தச் சுவர்களின் தயவால்தான். ஆனால், காக்கும் சுவரே சில வேளைகளில் கண்ணுக்குப் பகையாகி விடுவதும் உண்டு.

கழுத்தில் நோய், கண்ணில் வீக்கம்

கழுத்தின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்திருப்பது தைராய்டு சுரப்பி. கழுத்து வீங்கி, நெஞ்சு படபடத்து, விழிகள் பிதுங்கிய நோயாளிகளைப் பற்றி 1835-இல் டப்ளின் நகர மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸும், 1840-இல் ஜெர்மானிய மருத்துவர் பாஸடோவும் எழுதினார்கள். கழுத்துக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு?

கிருமிகளைத் தாக்க வேண்டிய நம் உடலின் எதிர்ப்பொருள்கள் இந்நோயில் ஆள் மாறித் தாக்குகின்றன. அவை தைராய்டு செல்களின் மேலுள்ள ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு அச்சுரப்பியை ஓயாமல் தூண்டுகின்றன. அதே வகை ஏற்பிகள் கண்ணின் பின்னாலுள்ள சில செல்களிலும் உள்ளன. தூண்டப்பட்ட அச்செல்கள் ஹயலூரானிக் அமிலம் என்னும் பொருளை மிகுதியாகச் சுரக்கின்றன. பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவதுபோல அது நீரை இழுத்து வைத்துக்கொள்கிறது. தசைகள் தடிக்கின்றன, கொழுப்பு பெருகுகிறது.

ஒரு சிறு கணக்கு

கண்குழிக்குள் 4 மில்லி லிட்டர் மட்டும் கூடுவதாகக் கொள்வோம். கொழுப்பும் தசையும் தண்ணீரைப் போலவே அமுக்கிச் சுருக்க முடியாதவை. எலும்பும் நெகிழாது. எனவே விழி முன்னால் தள்ளப்பட்டே ஆகவேண்டும். எவ்வளவு தூரம்?

விழியின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 4.5 சதுர செ.மீ. கண்குழி வாசலின் பரப்பு சுமார் 11 சதுர செ.மீ. விழியும் அதைச் சுற்றியுள்ள திசுக்களில் ஒரு பகுதியும் சேர்ந்தே நகர்வதால், இரண்டுக்கும் இடைப்பட்ட 7 சதுர செ.மீ. என்று எடுத்துக்கொள்ளுங்கள். 4-ஐ 7-ஆல் வகுத்தால் 0.57 செ.மீ.; அதாவது கிட்டத்தட்ட 6 மி.மீ. மருத்துவர்கள் கண்டறிந்த அளவும் இதுவே! ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான வீக்கம் முகத்தையே மாற்றிவிடுகிறது. இமைகள் முழுதும் மூடாமல் விழியின் மேற்பரப்பு உலர்ந்து புண்ணாகிறது. தசைகள் விறைத்துப்போவதால் ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறது.

பிதுங்காத கண்ணுக்கே பேராபத்து

பிரஷர் குக்கரில் அழுத்தம் மிகுந்தால் மேலுள்ள வெயிட் எழும்பி நீராவியை வெளியேற்றுகிறது. விழி பிதுங்குவதும் அப்படிப்பட்ட ஒரு பாதுகாப்பு வழியே. சிலருக்கு இமைகளும் அவற்றின் பின்னுள்ள சவ்வும் இறுக்கமாக இருப்பதால் விழி அதிகம் முன்னே வருவதில்லை. பார்ப்பவர்களுக்கு நோய் லேசாகத் தோன்றும். ஆனால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. குறுகலான பின்கோடியில் வீங்கிய தசைகள் பார்வை நரம்பைச் சுற்றி நின்று நெரிக்கின்றன. முதலில் நிறங்கள் மங்கும்; சிவப்பு வெளிறித் தோன்றும். கவனிக்காவிட்டால் பார்வையே பறிபோகலாம். இந்தக் கண்நோய் வந்த 100 பேரில் ஏறத்தாழ 5 பேருக்கு இந்நிலை ஏற்படுகிறது.

எந்தச் சுவரை எடுப்பது?

உள்ளிருப்பதைக் குறைக்க வேண்டும். இல்லையேல் அறையைப் பெரிதாக்க வேண்டும். 1911-இல் புடாபெஸ்ட் நகரில் டோலிங்கர் என்பவர் பொட்டுப் பக்கமுள்ள வெளிச்சுவரை நீக்கினார். 1931-இல் அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் நாஃப்சிகர் மண்டையோட்டைத் திறந்து மேற்கூரையை எடுத்தார். இடம் கிடைத்தது. ஆனால் கூரைக்கு மேலே இருப்பது மூளை! கூரையை இழந்த கண்களில் மூளையின் துடிப்பு அலைபோல வந்து சேர்வதும் உண்டு.

கண்குழியின் தரைக்குக் கீழேயும், மூக்குப் பக்கமும் இருப்பவை காற்றறைகள். அவை மூக்குடன் தொடர்புடையவை. திசு உள்ளே புகுந்தால் காற்று தானே வெளியேறிவிடும். இதைவிட வசதியான காலியிடம் வேறெங்கே? மூக்குப் பக்கச் சுவரோ அரை மில்லி மீட்டர்கூடத் தடிமன் இல்லாதது. காகிதத் தகடு என்ற பொருளிலேயே இலத்தீனில் அதற்குப் பெயர்! 1957-இல் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த வால்ஷ், ஓகுரா இருவரும் மேலுதட்டின் உட்புறமாகச் சென்று இவ்விரு சுவர்களையும் நீக்கும் முறையை வெளியிட்டார்கள். 1990 முதல் மூக்கின் வழியே எண்டோஸ்கோப்பைச் செலுத்தியும் இதைச் செய்கிறார்கள்.

எலும்பை எடுத்தால் மட்டும் போதாது. உட்புறம் ஒட்டியுள்ள உறையிலும் கீறல்கள் இட வேண்டும். அப்போதுதான் கொழுப்பு புதிய இடத்துக்குள் சரியும், விழி பின்வாங்கும், நரம்பின் மேலுள்ள நெரிப்புத் தளரும்.

இங்கும் சமநிலை தேவை. ஒரு பக்கச் சுவரை மட்டும் எடுத்தால் தசைகள் அப்பக்கம் சரிந்து, அவற்றின் இழுவிசையின் திசை மாறலாம், பார்வை இரட்டிக்கலாம். ஆகவே உட்சுவரையும் வெளிச்சுவரையும் சேர்த்து அளவாக நீக்குவது ஒரு வழி. அப்படியும் இரட்டைப் பார்வை, கன்னத்தில் மரத்துப்போதல் போன்ற தொல்லைகள் சிலருக்கு வருகின்றன. எனவே எல்லா நோயாளிகளுக்கும் இந்த அறுவை செய்வதில்லை. நரம்பு நெரிபட்டால் முதலில் ஸ்டீராய்டு மருந்தைச் சிரை வழியே செலுத்துவார்கள்; பலன் இல்லையென்றால் தாமதிக்காமல் அறுவை. தோற்றத்தைச் சீராக்குவதற்காக என்றால், நோய் அடங்கிச் சில மாதங்கள் ஆகும்வரை பொறுப்பார்கள். பிதுக்கத்தைக் குறைக்கும் டெப்ரோடுமுமாப் என்ற மருந்துக்கும் 2020-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

நண்பர்களே, தைராய்டுக் கோளாறு உள்ள எல்லோருக்கும் கண்நோய் வருவதில்லை. வந்தாலும் பெரும்பாலும் லேசாகவே இருக்கும். புகைபிடிப்போருக்கு மட்டும் அது வரவும் முற்றவும் வாய்ப்பு அதிகம். உங்கள் வீட்டில் தைராய்டுக் கோளாறு உள்ள ஒருவர், "நிறமெல்லாம் மங்கலாகத் தெரிகிறதே" என்று சொன்னால், கண் பிதுங்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். அன்றே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். கண் என்னும் இந்தச் சிறு அறையிலோ, சில வேளைகளில் சுவரை நீக்கினால்தான் சித்திரம் தெரிகிறது!