கணக்கில் நகரம், கட்டமைப்பில் கிராமம்

வியாழக்கிழமையானால் பெங்களூரு விவேக் நகரில் குழந்தை இயேசு திருத்தலத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் கூட்டம் நெரியும். தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் திருப்பலி நடக்கும். பக்கத்திலேயே வயலும் ஏரியும் இருந்தன என்றால், புதிதாகக் குடிவந்தவர்கள் நம்புவது கடினம். ஆனால் சுற்றியுள்ள ஈஜிபுரா, நீலசந்திரா, தொம்மலூர், கோரமங்களா எல்லாமே நகரம் விழுங்கிய கிராமங்கள்தாம்.

இந்தப் பக்கத்தில் தமிழ் நேற்று வந்ததல்ல. தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. 1809இல் ஆங்கிலேயர் கண்டோன்மென்ட் அமைத்தபோது படைவீரர்களும் வணிகர்களும் கூலிகளுமாகத் தமிழர்கள் பெருமளவில் வந்து சேர்ந்தார்கள்.

இப்படி நகரம் விழுங்கும் ஓர் ஊரைக் கிராமம் என்பதா, நகரம் என்பதா? மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் வந்துவிட்டால் அது நகரம்தான். அப்படி வராத ஊருக்குக் குடிமதிப்பு (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு) மூன்று அளவுகோல் வைத்திருக்கிறது: குறைந்தது 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், உழைக்கும் ஆண்களில் 75 சதவீதத்தினருக்கு விவசாயம் அல்லாத வேலை. மூன்றும் பொருந்தினால், ஊராட்சியே நிர்வகித்தாலும் அது 'குடிமதிப்பு நகரம்'. இந்தியாவில் இத்தகைய ஊர்கள் 2001இல் 1,362; பத்தே ஆண்டில் 3,894 ஆயின.

ஊரில் எத்தனை பேர் என்பதை இந்த அளவுகோல்கள் சொல்லும். யார் கை ஓங்கியிருக்கிறது என்பதைச் சொல்லாது. அதை அறியச் சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1948இல் மைசூருக்கு அருகே ஒரு கிராமத்தில் தங்கி நடத்திய ஆய்வு உதவும். 'ராம்புரா' என்ற புனைபெயரில் அவர் எழுதிய அந்த ஊரில், ஒக்கலிகர்களிடம் ஆள்பலமும் இருந்தது, நிலமும் இருந்தது. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் அதிகாரம் குவிகிறது என்று கண்டு, அத்தகைய சாதிக்கு 'ஆதிக்க சாதி' என்று பெயரிட்டார்.

விவேக் நகர் வட்டாரத்துக்கும் அந்தக் கண்ணாடி பொருந்தும். நகரம் வந்தபோது நிலம் வைத்திருந்தவர் வீட்டுக்காரர் ஆனார்; கூலிக்கு உழுதவர் வாடகைக்காரர் ஆனார். பயிர் போய் வாடகை வந்தது. கொடுப்பவர், வாங்குபவர் வரிசை பெரிதாக மாறவில்லை.

ஈஜிபுராவில் நலிந்த பிரிவினருக்காகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி 2007இல் இடிந்து விழுந்தது. குடியிருந்தவர்கள் தகரக் கொட்டகைகளுக்குப் போனார்கள். 2013 ஜனவரியில் மாநகராட்சி அந்தக் கொட்டகைகளையும் இடித்தது. தெருவுக்கு வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களில் பெரும்பாலோர் தலித்துகள், சிறுபான்மையினர். தமிழ் பேசுவோரும் கணிசம். கிராமத்தில் ஊருக்கு வெளியே சேரி இருந்தது. நகரத்தில் அதே மக்களுக்கு அந்த இடமும் நிரந்தரமில்லை.

2027 குடிமதிப்பில், 1931க்குப் பிறகு முதன்முறையாக எல்லாச் சாதிகளையும் எண்ணப் போகிறார்கள். தலைகளை எண்ணினால் பாதி விடைதான் கிடைக்கும். எந்தச் சாதியிடம் எவ்வளவு நிலம், யார் பெயரில் வீட்டுப் பட்டா என்ற கணக்கையும் அதனோடு சேர்த்துப் படித்தால்தான், ராம்புராவானாலும் ஈஜிபுராவானாலும், ஊரின் உண்மையான அமைப்பு தெரியும்.