கூண்டின் மூலையில் ஒளியும் பூனைக்கு வீடு கிடைக்குமா?

பூனைக் காப்பகம் ஒன்றுக்குப் போயிருக்கிறீர்களா, மாணவர்களே? கூண்டுகளுக்கு முன்னால் நடந்தால் சில பூனைகள் கம்பியருகே ஓடிவந்து உடலை உரசும், குரல் கொடுக்கும். பார்க்க வருபவர்கள் அங்கேதான் நின்று கைப்பேசியை எடுப்பார்கள். அடுத்த கூண்டில் ஒரு பூனை முதுகைக் காட்டியபடி மணல் தட்டுக்குள் சுருண்டு கிடக்கும். மலசலம் கழிக்க வைத்திருக்கும் தட்டு அது! நாளில் பல மணி நேரம் தன்னை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி அங்கே போய் உட்காருகிறது என்றால், ஒளிந்துகொள்ள அதற்கு வேறு இடமே கிடைக்கவில்லை என்று பொருள்.

“இதற்கு மனிதர்களைப் பிடிக்காது போலிருக்கிறது” என்று சொல்லிவிட்டு எல்லாரும் நகர்ந்துவிடுவார்கள். ஒருவரும் எடுத்துக்கொள்ளாததால் அது கூண்டிலேயே இருக்கும். கூண்டில் இருப்பதால் அதன் பயமும் குறையாது. இந்தச் சுழலை உடைக்க முடியுமா என்பதுதான் நம் கேள்வி. அறிவியலுக்கு இதில் நிறைய வேலை இருக்கிறது.

முதலில் பூனையின் உடலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். அட்ரினலின் பற்றி உயிரியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆபத்து என்று மூளை முடிவு செய்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாகத் துடிக்கும், கண்ணின் பாவை விரியும், செரிமானம் மந்தமாகும். சண்டையிடு அல்லது தப்பியோடு என்று படித்த அதே ஏற்பாடுதான். பாடநூலில் பெரும்பாலும் விட்டுப்போகும் மூன்றாவது வழி ஒன்றும் உண்டு: அசையாமல் உறைந்துபோவது. எலிக்குப் பூனை எதிரி. ஆனால் பெரிய விலங்குகளுக்குப் பூனையே இரை. ஆகவே ஓடவும் முடியாமல் எதிர்க்கவும் முடியாமல் போனால், கண்ணில் படாமல் கிடப்பதே அதற்குப் பாதுகாப்பு.

காப்பகத்தை அதன் காதுகளால் கேட்டுப் பாருங்கள். மனிதர்களுக்கு ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பூனைக்கு 60,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் கேட்கும். கூண்டுக் கதவின் இரும்புச் சத்தம், எங்கோ குரைக்கும் நாய், அறிமுகமில்லாத பல பூனைகளின் வாடை எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. ஓடுவதற்குக் கூண்டில் வழி கிடையாது.

இதனால் ஒரு தவறான புரிதலும் வருகிறது. தொண்டூழியர் ஒருவர் பயந்த பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறார். அது அசையாமல் இருக்கிறது. “பாருங்கள், எவ்வளவு சாது!” என்கிறார். உடல் இறுகியிருக்கிறதா, காதுகள் பக்கவாட்டில் படிந்திருக்கின்றனவா, வெளிச்சத்திலும் பாவை அகலமாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் அது சாதுவாக இல்லை, உறைந்துபோயிருக்கிறது. தூங்குவது போலக் கண்ணை மூடிக் கிடக்கும் பூனைகூடச் சில நேரம் தூங்குவதில்லை.

இதற்கு மலிவான ஒரு மருந்து அட்டைப்பெட்டி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் 10 பூனைகளுக்கு ஒளிந்துகொள்ளும் பெட்டி கொடுத்தார்கள். மீதி 9 பூனைகளுக்குக் கொடுக்கவில்லை. (இந்த 9தான் கட்டுப்பாட்டுக் குழு. அது இல்லாவிட்டால், நாள் ஆக ஆகப் பூனை தானாகவே பழகியதா, பெட்டியால் பழகியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.) உட்காரும் விதம், காது, பாவை, மூச்சு போன்றவற்றைப் பார்த்து மதிப்பெண் போடும் முறை ஒன்று இருக்கிறது. அதன்படி, பெட்டி கிடைத்த பூனைகள் முதல் சில நாள்களிலேயே தெளிவாக அமைதி அடைந்திருந்தன.

என் வகுப்பில் இதைச் சொன்னதும் ஒரு மாணவி கேட்டார்: “ஆசிரியரே, பூனை பெட்டிக்குள் ஒளிந்துகொண்டால் வருபவர்கள் அதைப் பார்க்கவே மாட்டார்களே, அப்புறம் யார் எடுப்பார்கள்?” நல்ல கேள்வி. 2007இல் வெளிவந்த வேறோர் ஆய்வு இதைத்தான் ஆராய்ந்தது. மறைவிடம் கொடுத்ததால் பூனைகளுக்கு வீடு கிடைக்கும் வாய்ப்பு குறையவில்லை. மறைவிடம் இருந்த பூனைகள்தான் வருபவர்களை நோக்கி அதிகம் நெருங்கின. ஒளிய இடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் வெளியே வரும் துணிச்சல் வருகிறது.

பயம் எல்லாப் பூனைகளுக்கும் ஒன்றல்ல. ஒரு குட்டியின் வாழ்வில் 2ஆவது வாரத்திலிருந்து 7ஆவது வாரம் வரை மிக முக்கியம். அந்த நாள்களில் மனிதர்கள் மென்மையாகத் தொட்டுப் பழகினால், பிற்காலத்தில் மனிதர்களை அது ஏற்றுக்கொள்வது எளிது. பரம்பரைக்கும் பங்குண்டு. துணிச்சலான தந்தைக்குப் பிறந்த குட்டிகள், தந்தையோடு வளராவிட்டாலும், புதியவற்றை நெருங்கத் தயங்குவது குறைவு என்று 1995இல் ஓர் ஆய்வு காட்டியது.

ஆகவே, முன்பு வீட்டில் வளர்ந்து இப்போது கூண்டைக் கண்டு மிரளும் பூனை வேறு. மனிதக் கை படாமலே வளர்ந்து பெரிதான பூனை வேறு. முதலாவதற்கு வீடு தேடலாம், தேடவும் வேண்டும். இரண்டாவதை வற்புறுத்தி வீட்டுக்குள் அடைப்பது அதற்கு நன்மை என்று நான் நினைக்கவில்லை. நம் புளோக்குகளின் கீழ்த்தளத்தில் இடக்காது நுனி வெட்டப்பட்ட பூனைகளைப் பார்த்திருப்பீர்கள். கருத்தடை செய்யப்பட்டதற்கான அடையாளம் அது. அவற்றில் சில, உணவு வைக்கும் அக்கா அண்ணன்களின் கவனிப்பில் பழகிய இடத்திலேயே நன்றாக வாழ்கின்றன.

சரி, மிரளும் பூனையை வீட்டுக்குப் பழக்குவது எப்படி? காப்பகங்கள் கையாளும் நல்ல வழி தற்காலிக வளர்ப்பு. ஒரு குடும்பம் சில வாரங்களுக்குப் பூனையைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளும். வீடு முழுவதையும் முதல் நாளே திறந்துவிடக் கூடாது. ஓர் அறை போதும். ஒரு மூலையில் பெட்டி, எதிர் மூலையில் மணல் தட்டு, அதற்குத் தள்ளி உணவும் தண்ணீரும்.

பிறகு நீங்கள் அந்த அறைக்குப் போய்ச் சும்மா உட்காருங்கள். வீட்டுப்பாடம் செய்யுங்கள், மெல்லிய குரலில் படியுங்கள். கையை நீட்டிப் பெட்டிக்குள் துழாவ வேண்டாம். போகும்போதெல்லாம் அதற்குப் பிடித்த உணவில் கொஞ்சம் வையுங்கள். பாவ்லோவின் நாய் நினைவிருக்கிறதா? மணியோசைக்கு அதற்கு உமிழ்நீர் ஊறியது. இங்கே மணிக்குப் பதில் நீங்கள். “இந்த ஆள் வந்தால் மீன் வரும்” என்று பூனை கற்றுக்கொள்கிறது.

முன்னேற்றத்தை அளக்க ஓர் அளவு நாடா போதும். நீங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கும்போது அது துணிந்து சாப்பிடுகிறது? முதல் நாள் நீங்கள் அறையை விட்டு வெளியேறினால்தான் சாப்பிடும். பிறகு 3 மீட்டர், அப்புறம் 2 மீட்டர். தினமும் எழுதி வரைபடமாக்கினால், “பழகவே மாட்டேன் என்கிறது” என்று சலிப்படையும் அம்மாவிடம் காட்டலாம். கோடு ஒரே சீராக இறங்காது. வீட்டுக்கு விருந்தினர் வந்துபோன நாளில் மறுபடி மேலே ஏறும்.

ஒன்றை மட்டும் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு நாள் முழுவதும் பூனை எதையுமே தின்னாவிட்டால் விலங்கு மருத்துவரிடம் கேளுங்கள். சில நாள்கள் பட்டினி கிடந்தாலே உடலின் கொழுப்பு கல்லீரலில் குவிந்து உயிருக்கு ஆபத்தாகலாம். பருத்த பூனைகளுக்கு இது இன்னும் மோசம்.

கண்களும் உதவும். பூனையை முறைத்துப் பார்க்காமல், கண்களைப் பாதி மூடி மெதுவாக இமைத்துப் பாருங்கள். பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி இமைத்த அந்நியரின் கையைப் பூனைகள் அதிகம் நெருங்கின. அதே ஆண்டில் 18 காப்பகப் பூனைகளைப் பற்றி வந்த ஆய்வு, பதிலுக்குக் கண்களை மூடித் திறந்த பூனைகளுக்கு விரைவில் வீடு கிடைத்ததாகச் சொல்கிறது. இமைத்ததால்தான் வீடு கிடைத்தது என்று இதைப் படிக்காதீர்கள். இரண்டும் சேர்ந்து நடந்தன என்பது வரைதான் தெரியும். 18 என்பதும் சிறிய எண்ணிக்கைதான்.

சிங்கப்பூரில் இப்போது வாய்ப்பும் கூடியிருக்கிறது. 1989 முதல் வீவக வீடுகளில் பூனை வளர்க்க இருந்த தடை, 2024 செப்டம்பர் 1ஆம் தேதி நீக்கப்பட்டது. ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். மைக்ரோசிப் பொருத்தி உரிமம் பெற வேண்டும். பயந்த பூனையைக் கொண்டுவருவதற்கு முன்பே சன்னல்களுக்கும் வாயிற்கதவுக்கும் வலை போட்டுவிடுங்கள். மிரண்டால் அது இடைவெளியைத்தான் தேடும். பத்தாவது மாடியிலும் அப்படித்தான்.

தற்காலிக வளர்ப்பில் நீங்கள் எழுதிய குறிப்பேடு கடைசியில் விளம்பரமாகவும் பயன்படும். “கூச்சமான பூனை, அன்பான குடும்பம் தேவை” என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. “முதல் வாரம் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. இரவில்தான் சாப்பிட்டது. நான்காவது வாரம் சோபாவில் ஒரு கை தூரத்தில் வந்து படுத்தது. தூக்கினால் பிடிக்காது. கன்னத்தைத் தடவினால் பிடிக்கும்” என்று எழுதிப் பாருங்கள். சத்தமான வீட்டினர், தவழும் குழந்தை உள்ளவர்கள் தாங்களே விலகிக்கொள்வார்கள். நிதானமான ஒருவர், “இது எனக்குச் சரிப்படும்” என்று அழைப்பார். குறைகளை மறைத்துக் கொடுக்கப்பட்ட பூனை இரண்டே வாரத்தில் கூண்டுக்குத் திரும்பி வரலாம்.

அழைத்துச் செல்லும் நாளில் பூனை படுத்திருந்த துணியையும் கூடவே அனுப்புங்கள். அழுக்காக இருக்கிறதே என்று துவைத்துவிடாதீர்கள். கன்னத்தை உரசி அது பதித்த வாடை அந்தத் துணியில்தான் இருக்கிறது. புதிய அறையில் அதற்கு அறிமுகமான ஒரே பொருளும் அதுதான்.