ஒரு குரல் பல குரலாகும் விந்தை

ஆலயத்திலே அடியார் பலர் ஒன்றுகூடித் தேவாரம் ஓதுங்கால் எழும் நாதத்தை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். தனியொருவர் எத்துணை உரத்துப் பாடினும் அந்த நிறைவு உண்டாவதில்லை. காரணம் யாது? பத்துப்பேர் பாடும்போது ஒருவர் இமைப்பொழுது முந்துவார், மற்றொருவர் பிந்துவார். ஒருவருடைய சுருதி மயிரிழை ஏறியும் இன்னொருவருடையது இறங்கியும் நிற்கும். இச்சிறு வேறுபாடுகளே கூட்டிசைக்குச் செழுமை தருகின்றன.

இச்செழுமையைத் தனிக்குரலிலிருந்தே செயற்கையாக உண்டாக்கும் உபாயத்தை ஒலிப்பதிவாளர் ‘கோரஸ்’ என்பர். மூல ஒலியின் பிரதியொன்றை எடுத்து, ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஏறத்தாழ 20 அல்லது 30 பங்கு நேரம் தாமதிக்கச் செய்து, அத்தாமதத்தையும் சற்றே கூட்டியும் குறைத்தும் அலையவிட்டு, மூலத்தோடு கலப்பர். தாமதம் கூடிவரும்போது பிரதியின் சுருதி இறங்கும், குறைந்துவரும்போது ஏறும். கேட்போர் செவிக்கு ஒருவர் பலராகத் தோன்றுவார்.

இதற்கு முன்னோடியான முறையொன்று 1966ஆம் ஆண்டில் இலண்டன் அபி றோட்டிலுள்ள ஈ.எம்.ஐ. ஒலிப்பதிவு நிலையத்தில் தோன்றிற்று. குரலுக்குக் கனம் சேர்க்க வேண்டின் ஒரே பாடலை இருமுறை பாடிப் பதிய வேண்டும். பீற்றில்ஸ் குழுவினரான ஜோன் லெனனுக்கு அது சலிப்பைத் தந்தது. அங்கு பணியாற்றிய பொறியியலாளர் கென் ரவுன்சென்ட், இரண்டாவது நாடா இயந்திரமொன்றின் வேகத்தைச் சிறிது மாற்றி ஓடவிட்டு, ஒருமுறை பாடியதையே இருகுரலாக்கினார். 1975இல் யப்பானின் றோலண்ட் நிறுவனம் கோரஸ் அமைந்த கிற்றார் ஒலிபெருக்கியை வெளியிட்டது. இன்றோ வீட்டுக் கணினியிலேயே இவ்வசதி உண்டு.

புதிய பாடல்களுக்கு, சிறப்பாகப் பின்னணிக் குரல்களுக்கு, இஃது அழகூட்டும். ஆனால் காலஞ்சென்ற பாட்டனாரின் குரல் பதிந்த பழைய நாடாவைச் செப்பனிடும்போது, “குரல் மெலிந்திருக்கிறதே, கோரஸ் சேர்த்தால் என்ன?” என்னும் ஆசை எழுதல் இயல்பு. ஈண்டு நாம் சற்று நிதானிக்க வேண்டும்.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டின் நடுத்துளை சிறிது விலகியிருப்பின், செக்கனுக்கு 1.3 முறை சுருதி ஏறியிறங்கும். அதனைக் களையவே செப்பனிடுவோர் பெரிதும் பாடுபடுகின்றனர். கோரஸ் செய்வதோ அத்தகைய தளம்பலைப் பிரதியிலே வேண்டுமென்றே புகுத்துதல். பாடகர் நுட்பமாக இழைத்த கமகமும் சொற்களின் தெளிவும் அதனால் மங்கக்கூடும். இரைச்சலும் வெடிப்பொலியும் நீங்காத பதிவாயின் அவையும் இரட்டிக்கும். மூலமும் பிரதியும் கலக்குமிடத்துச் சில சுரங்கள் ஒன்றையொன்று அழித்து மெலிதலும் உண்டு.

வரலாறும் இவ்வாறே எச்சரிக்கின்றது. 1961இல் அமெரிக்காவின் கப்பிற்றல் நிறுவனம், ஒற்றைவழிப் பதிவுகளை இருவழியாகக் காட்டும் பொருட்டு, ஒரு பக்கத்தைச் சிறிது தாமதித்தும், ஒருபுறம் தாழ்ந்த சுரங்களையும் மறுபுறம் உயர்ந்த சுரங்களையும் குறைத்தும் இசைத்தட்டுகளை வெளியிட்டது. பிற்காலத்தில் இரசிகர் பலர் மூல ஒற்றைவழிப் பதிவுகளையே தேடலாயினர். அங்கே மூலநாடாக்கள் பேணப்பட்டிருந்தமையால் அது கைகூடிற்று. நம் இல்லத்து நாடாவுக்கு வேறு மூலம் ஏது?

ஆதலின் முதற்கடமை, நாடாவில் உள்ளதை உள்ளவாறே கணினிக்கு மாற்றுதல். ஒலிக்காப்பகங்களின் அனைத்துலகச் சங்கம் செக்கனுக்குக் குறைந்தது 48,000 மாதிரிகளும் 24 பிற் நுணுக்கமும் வேண்டுமென விதந்துரைக்கின்றது. அப்பதிவில் எம்மாற்றமும் செய்யாது இரண்டு இடங்களிற் பேணுக. பின்னர் வேறொரு பிரதியில் முதலில் வெடிப்பொலியையும் இரைச்சலையும் அளவோடு நீக்குக. விழாவொன்றில் ஒலிக்கச் செய்யக் கோரஸ் வேண்டுமாயின் அதன் பின்னரே சிறிதளவு சேர்த்து, ஒற்றை ஒலிபெருக்கியிலும் கேட்டுப் பார்த்து, செய்த மாற்றத்தைக் குறித்து வைக்க.

மூலத்தை அழித்து அதன்மேல் கோரஸ் கலந்துவிட்டால், பாலிற் கலந்த நீர்போல அதனை மீளப் பிரித்தெடுத்தல் அரிது. நாளைய பேரப்பிள்ளைகள் தம் முன்னோர் குரலைக் கேட்கும்போது, அவர் பாடியவாறே கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அதைக் காத்துக் கொடுத்தல் இன்று நாடாவை வைத்திருக்கும் நம் பொறுப்பாகும்.